முப்பத்தெட்டு ‘தெரியவில்லை’

காலை பத்து நாற்பதுக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இறந்துபோயிருந்தார்கள், அதைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோயில்பிள்ளை உள்பட. திரையில் அவர் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை நின்றது. கோயில்பிள்ளை, பிறப்பு 1959, பாலிடெக்னிக் பட்டறை ஆசிரியர், ஓய்வு, பாளையங்கோட்டை, சிலுவை. கீழே ரூபாவதி, மனைவி, அத்தை மகள், இந்த நிமிடம் அடுப்படியில் குக்கருக்குப் பருப்புக் கழுவுகிறவள், சிலுவை. அவள் தம்பி சாந்தசீலன், நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவன், காலை எட்டரைக்குப் போன் பண்ணி, “அத்தான், மத்தியானம் ஒரு மணிக்குள்ள ஃபைலு பிரஸ்ஸுக்குப் போயாவணும், அவன் திங்கக்கிழம மிஷின்ல ஏத்துதான்” என்று காது கிழியக் கத்தினவன், சிலுவை. சாந்தசீலனின் பேத்தி, பிறந்து நாற்பத்திரண்டு நாள், ஞானஸ்நானம்கூட இன்னும் ஆகவில்லை, அவளுக்கும் சிலுவை. கோயில்பிள்ளைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. குடும்பத்தில் காலரா புகுந்த வருசம்கூட ஏழு பேர்தான் போனார்கள் என்று அண்ணன் வேதமாணிக்கம் எழுதி வைத்திருக்கிறார். இது காலராவைவிடப் பெரிய கொள்ளை. பதினாறு நாள் வேலை. அண்ணன் இருபது வருசமாகப் பழைய மென்பொருள் ஒன்றில் ஏற்றி வைத்த வம்ச வரலாறு. அந்த மென்பொருளை இப்போது எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்பதில்லை, அண்ணனும் இல்லை, இரண்டு வருசம் ஆகிறது, ஆகவே புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டிய பொறுப்பு தம்பி தலையில். மாற்றினால் முதலில் எழுத்து உடைந்தது. பழைய ஃபான்ட்டில் கொம்பை முன்னால் தட்டிவிட்டு எழுத்தைத் தட்ட வேண்டும். புதியதற்கு அது பிடிக்கவில்லை, கொம்பெல்லாம் வீடு மாறிப் போய் அடுத்தவன் தலையில் உட்கார்ந்துகொண்டது, வேதமாணிக்கம் என்பவர் வாயில் நுழையாத யாரோ ஆனார். அதை நேராக்க ஐந்து நாள். பிறகு குறிப்புகள் உடைந்தன. நீளமான குறிப்பை நடு வார்த்தையில் வெட்டி அடுத்த வரியில் எறிந்திருந்தது. ஒட்டவைக்கப் பத்து நாள், ரம்பம் போட்ட இரும்பில் பிசிறு தேய்க்கிற மாதிரி. அதுவரை எழுத்தை மட்டும்தான் பார்த்தார். அச்சுப் பக்கமாகப் போட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான். அச்சுப் பக்கத்தில்தான் இறந்தவர்களுக்குச் சிலுவை விழும், அது குடும்பத்தில் முதல் புத்தகத்திலிருந்து வருகிற வழக்கம், பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு புத்தகம், இது நாலாவது. நாலாவது புத்தகத்தில் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஐந்தாவதைப் பற்றிக் கவலையில்லை.

காரணம் பிடிபடப் பத்து நிமிடம் ஆனது. காரணம் அண்ணன்தான். வேதமாணிக்கம் முப்பத்திரண்டு வருசம் பத்திர ஆபீசில் எழுத்தராக இருந்தவர். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. “காலிக் கட்டம் கள்ளனுக்குத் தொறந்த கதவுடே” என்பார். இன்றைக்கு நீ காலியாக விட்டால் நாளைக்கு எவனோ அதில் எதையோ எழுதிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவான். ஆகவே ஆள் உயிரோடு இருந்தால் இறப்புத் தேதிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். அவருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் தம்பி பழைய வரியைப் பார்த்து அதையே எழுதினார். பழைய மென்பொருள் அதைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டது. புது மென்பொருளுக்கு அந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருந்தாலும் ஆள் செத்தவன்; ‘இல்லை’ என்று சொன்னாலும் செத்தவன். கோயில்பிள்ளை இதைக் கண்டுபிடித்தபோது அண்ணனே பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. ஆட்களைப் பற்றியும் அவர் பத்திர நடையில்தான் எழுதினார். மேற்படியார் 1911இல் குருவானவரானார். மேற்படியாரின் இரண்டாம் மனைவி மேற்படியாருக்கு முன் காலமானார். ஒருமுறை ஆசாப் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், பெரியப்பா, நான்கு எல்லையும் போடலையா, இவருக்கு வடக்கே யாரு, தெற்கே யாருன்னு, அண்ணன் சிரிக்காமல் சொன்னார், ஆளுக்கு எல்லை கெடையாதுடே, அதான் சங்கடம். வேண்டாம், இப்போது அது வேண்டாம், மணி பதினொன்று ஆகப் போகிறது. மாற்றி எடுத்த ஃபைலைச் சாதாரண நோட்பேடில் திறந்தால் எல்லோரும் வரிவரியாக இறங்குவார்கள், பெயர் ஒரு வரி, பிறப்பு ஒரு வரி, இறப்பு ஒரு வரி. ‘இல்லை’ என்பதைத் தேடி எல்லாவற்றையும் ஒரே அடியில் அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தார். குறிப்புகளில் இருந்த ‘இல்லை’யும் சேர்ந்து போய்விட்டது. மேற்படியாருக்குச் சந்ததி இல்லை என்றிருந்த இடத்தில் மேற்படியாருக்குச் சந்ததி என்று நின்றது. கல்யாணமே ஆகாத பூரணி அத்தைக்கும் சந்ததி. எல்லாவற்றையும் பழையபடி திருப்பி, இந்தத் தடவை இறப்பு வரியில் இருக்கிறதை மட்டும் எடு என்று பக்குவமாகச் சொல்லி, அழித்து, புது மென்பொருளில் ஏற்றி, அச்சுப் பக்கத்தைத் திறந்தார். அடியில் கணக்கு வந்தது. மொத்தம் 1312. உயிருடன் 691. சாந்தசீலன் எழுந்துவிட்டான். நாற்பத்திரண்டு நாள் பிள்ளை எழுந்துவிட்டது. ரூபாவதி எழுந்தாள், மூன்றாவது விசில் வந்தது, அடுப்பை அணைக்கிற சத்தம். தன் பெயரைத் தேடினார். சிலுவை இல்லை. வயது 65 என்று இருந்தது. கல்லறையிலிருந்து எழுந்த லாசருவுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ, ஒன்றும் விசேஷமாகத் தோன்றியிருக்காது, முழங்கால் வலி அப்படியே இருந்திருக்கும்.

ஆனால் 583 பேருக்குத்தான் உண்மையான இறப்புத் தேதி உண்டு. அதை அவர் தனியாக எண்ணி வைத்திருந்தார். 691ஐயும் 583ஐயும் கூட்டினால் முப்பத்தெட்டு குறைகிறது. அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் அண்ணன் இறப்புக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார். போன் அடித்தது. “அத்தான், முடிஞ்சிட்டா?” “முடியல. முப்பத்தெட்டுப் பேரு இருக்காவ.” “எங்க இருக்காவ?” “தெரியவில்லைன்னு இருக்காவ.” “என்னத்தான் நீங்க, மனுசன் இங்க தலையப் பிச்சிக்கிட்டு நிக்கேன், வெளையாடுதிய.” சாந்தசீலன் வைத்துவிட்டான். கோயில்பிள்ளை ஒவ்வொருவராகத் திறந்தார். திறக்காமலே விட்டிருக்கலாம், தேதி தெரியாமல் செத்தவர்கள் செத்தவர்கள்தானே, ஆனால் பட்டறையில் அவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நூறு துண்டு வெட்டினால் நூறையும் அள, தொண்ணூற்றொன்பது சரியாக இருக்கிறதே என்று கடைசித் துண்டை விடாதே. முதல் ஆள் மாசிலாமணி, பிறப்பு 1861, ரங்கூன் போனவர். மேற்படியார் கப்பலேறியபின் ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது ஆள் அவருடைய தம்பி, அண்ணனைத் தேடிப் போனவர், மேற்படியாரும் திரும்பவில்லை. கண்டித் தோட்டத்துக்குப் போன நாலு பேர், ஒரே நாளில் போயிருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு பெண், ‘வேதக்கண் என்பவரின் மூத்த மகள்’ என்று மட்டும். எல்லோரும் 1900க்கு முன் பிறந்தவர்கள். அவர்களைச் சாகடிக்க எந்தக் காகிதமும் வேண்டியதில்லை, நூற்றிருபத்தைந்து வயதுக்கு யாரும் இருப்பதில்லை. ஆனால் மாசிலாமணி எந்த நாளில் செத்தவர் ஆனார் என்று கேட்டால் என்ன சொல்வது. அவர் உண்மையில் செத்த நாள் ஒன்று இருக்கும், அது ரங்கூனுக்குத் தெரியும். இங்கே அவர் மனைவிக்கு அன்றைக்குக் காலையில் அவர் இருக்கிறார், சாயங்காலமும் இருக்கிறார், மறு வருசமும் இருக்கிறார். அவள் காத்திருந்தாள், பிறகு அவள் செத்தாள், தேதி உண்டு, 1919 மார்ச். அவள் செத்ததும் மாசிலாமணிக்காகக் காத்திருக்க ஆளில்லை, அன்றைக்குத்தான் அவரும் சேர்ந்து போயிருக்க வேண்டும். காணாமல் போனவன் கண்டுபிடிக்கப்படுவதில்லை, தேடுகிறவன் தீர்ந்துபோகிறான். மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டாவது ஆள், பதின்மூன்று, இருபது. விரல் ஒரே வேகத்தில் போயிற்று. அவருக்குத் தெரியும். பதினாறு நாளாகத் தெரியும். எழுத்தை நேராக்கியபோதும் ஒட்டுப்போட்டபோதும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு, பல் டாக்டரிடம் வாயைத் திறக்கிறவன் மாதிரி, எழுத்தாக மட்டும் பார்த்துக் கடந்துபோனார். முப்பத்தேழு முடிந்தது. முப்பத்தேழும் சரி, சிலுவை நிற்கட்டும். முப்பத்தெட்டாவது ஆள் பிறந்தது 1989 ஜூன் 3.

ஆசாப். தந்தை கோயில்பிள்ளை, தாய் ரூபாவதி. மேற்படி ஆசாப் 2013 செப்டம்பர் 9 அன்று வேலை நிமித்தம் நாக்பூருக்கு ரயில் ஏறி, 10ஆம் தேதி மாலை விஜயவாடா நிலையத்திலிருந்து தாயாரிடம் போனில் பேசினார். அதன்பின் தகவல் இல்லை. இறப்பு: தெரியவில்லை. பெயருக்கு முன்னால் சிலுவை. கோயில்பிள்ளை மௌஸிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றது, அதைக் கழற்றி எண்ணெய் போட வேண்டும், ஏணி பிடிக்க ஆள் வேண்டும். அண்ணன் ஏன் இதை எழுதினார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ‘இல்லை’ என்றுதான் எழுதுவார், அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார், கை தவறுகிற ஆள் இல்லை, கமா இடம் மாறினால் பத்திரத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறவர். ‘தெரியவில்லை’ என்பது அவர் கணக்கில் செத்தவர்களுக்கான சொல். ஆள் போய்விட்டான், தேதி கிடைக்கவில்லை என்று அர்த்தம். மாசிலாமணிக்கு எழுதியது, கண்டிக்குப் போன நாலு பேருக்கு எழுதியது. அதை ஆசாப்புக்கு எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதினார் என்று சொல்ல முடியாது. அவர் தெரிந்து எழுதினார், அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது பல்லார்ஷா, நாக்பூருக்குப் போகிற ரயில் வழியில். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றால் போகிற ஊர் இல்லை அது. 2014 ஜனவரி, ரயில்வே போலீசிடமிருந்து போன், தண்டவாளத்தில் ஒரு உடல், இருபத்தைந்து வயசு மதிப்பு, நீலக் கட்டம் போட்ட சட்டை, வந்து பாருங்கள். அதற்கு முன் இரண்டு இடத்துக்குப் போட்டோ பார்க்கப் போயிருக்கிறார், இரண்டும் வேறு யாரோ. பல்லார்ஷாவில் போட்டோ இல்லை, உடலே இருந்தது. அண்ணனும் கூட வந்தார், அவருக்குக் கொஞ்சம் இந்தி வரும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அவ்வளவு குளிரிலும் வாசனை. ஒருத்தன் துணியைக் கால் பக்கத்திலிருந்து தூக்கினான், ஏன் கால் பக்கத்திலிருந்து தூக்கினான், முகத்திலிருந்து தூக்கியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒரு பாதம் தெரிந்தது. பெருவிரல் நகத்தில் மண். கோயில்பிள்ளை அந்த நகத்தைப் பார்த்தார், “இல்லை” என்றார். தமிழில்தான் சொன்னார். துணி இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது, அவர் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். போலீஸ்காரர் பின்னால் ஏதோ சொன்னார், சரியாகப் பாருங்கள் என்றுதான் இருக்கும், எந்தப் பாஷையிலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள். அண்ணன் உள்ளேயே நின்றார். எவ்வளவு நேரம்? ஒரு கிரயப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து சாட்சி கையெழுத்துவரை படிக்கிற நேரம். வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. கோயில்பிள்ளையும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடிந்தது என்பதுதான் பதினோரு வருசமாக அவருக்குப் புரியாதது. திரும்பி வரும்போது அண்ணன் ஸ்டேஷனில் ஆரஞ்சு வாங்கினார், நார் சுத்தமாக எடுத்துச் சுளைசுளையாகக் கொடுத்தார், கோயில்பிள்ளை தின்றார். இனிப்பாக இருந்தது. வீட்டு வாசலில் ரூபாவதி நின்றாள். “அவன் இல்ல” என்றார் அவளிடம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொன்னாள், அண்ணன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே தெருவில் இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கோ அதற்கு மறுநாளோ, அந்தக் கட்டத்தைத் திறந்து, காலியாக விட மனமில்லாமல், அந்தச் சொல்லைத் தட்டியிருக்க வேண்டும். பொய் எழுதவும் மாட்டார், தம்பியைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார். அதற்கு இடைப்பட்ட சொல் அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

மணி பன்னிரண்டு பத்து. கட்டத்தில் கர்சரை வைத்து அழித்தார். ஆறு எழுத்து, ஆறும் போக எவ்வளவு நேரம் ஆகும். கட்டம் காலியானதும் மென்பொருள் தானாகவே சிலுவையை எடுத்துவிட்டு, அதே இடத்தில், வயது 35 என்று எழுதியது. முப்பத்தைந்து. இருபத்து நாலு வயசுப் பையன் ரயில் ஏறினான், இந்தத் திரைக்குள்ளேயே பதினோரு வருசம் வளர்ந்திருக்கிறான், முன்மண்டையில் முடி கொட்டியிருக்கும், அந்த வம்சத்தில் ஆண்களுக்கு முப்பதிலேயே கொட்டும். அடியில் கணக்கு மாறியது. உயிருடன் 692. ஒரு சுகம் வந்தது, உடனே அதன்மேல் ஒரு பயமும் வந்தது, புத்தகத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் முகவரி போட வேண்டும், சாந்தசீலனின் ஏற்பாடு, பெயர், வேலை, முகவரி, செல் நம்பர். முகவரி என்று ஒரு கட்டம் திறந்துகொண்டு நின்றது. இந்த வீட்டு முகவரியைப் போடலாமா. இந்த வீட்டில் அவன் இல்லை. போடாமல் விட்டால் மே மாதம் புத்தகத்தைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் வந்து நிற்பார்கள், ஏதாவது தகவல் உண்டாண்ணாச்சி என்று கேட்பார்கள், பதினோரு வருசமாகக் கேட்கிறார்கள், இல்லை, ஐந்து வருசமாகக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், கேட்காமல் கையை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பார்கள். ரூபாவதிகூட நிறுத்திவிட்டாள். ஞாயிறுதோறும் கோயிலில் விண்ணப்பச் சீட்டு போடுவாள், ‘காணாமல் போன மகன் ஆசாப் பத்திரமாய்த் திரும்ப’, போதகர் ஐயர் ஆராதனையில் வாசிப்பார், நூறு சீட்டுக்கு நடுவில் அது வரும்போது ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கோயில்பிள்ளையின் கழுத்து விறைக்கும். 2021இல் ஒரு ஞாயிறு ஐயர் வாசிக்கவில்லை. சீட்டு தவறிவிட்டது என்று நினைத்தார். மறுவாரமும் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம். நாலு வருசமாக அந்தப் பயத்தோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார், ஒரே கட்டிலில் படுக்கிறார், மீன் வாங்கிக் கொடுக்கிறார்.

“அவனுக்கு என்ன போட்டிய?”

பின்னால் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள், கண் திரையில் இருந்தது, அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, ஆனால் அந்தப் பக்கம் எது என்று தெரிந்திருந்தது.

“ஒண்ணும் போடல. காலியா விட்டிருக்கேன்.”

“காலியா விட்டா என்னன்னு வரும்?”

“உயிரோட இருக்கான்னு வரும்.”

“முன்ன என்ன இருந்திச்சு?”

“அண்ணன் தெரியவில்லைன்னு போட்டிருந்தாவ.”

அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். “பெரியத்தான் எங்கிட்ட சொல்லிட்டாவ” என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, கடையில் துவரம்பருப்பு வரவில்லை என்று சொல்கிற மாதிரி. “அட்டாக் வந்து ஆஸ்பத்திரில கெடந்தாவள்லா மொதத் தடவ, ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல, அப்பம். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருந்திச்சு ரூபா, மொகம் வீங்கியிருந்திச்சு, அவனாயிருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், நான் சத்தியம் பண்ண மாட்டேன்னாவ. நீங்க பாக்கவே இல்லன்னும் சொன்னாவ.”

கோயில்பிள்ளை திரும்பவில்லை. புருவத் தழும்பு, ஒன்பது வயசில், பாலிடெக்னிக் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தார், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் கைப்பிடி சுழன்று அடித்தது, நாலு தையல், பையன் அழவில்லை, இவர்தான் அழுதார். விசிறி டிக் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று.

“நீ ஏன் எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பிய? இல்லம்பிய. வாசல்ல வந்து நின்னு சொன்னிய பாருங்க, அப்படியே சொல்லியிருப்பிய.” முந்தானையை உதறி மடியில் போட்டுக்கொண்டு, “நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல” என்றாள். “நானா இருந்தா கொட்டகைக்குள்ளயே போயிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. எதுத்த வீட்டுத் தங்கபாய் புருசன் செத்தான், பாவி மனுசன், குடிச்சிட்டுச் செத்தான், அவளுக்குத் துக்கம் கேக்க எத்தன பேரு வந்தாவ. கையப் புடிச்சிக்கிட்டு அழுதாவ. சாப்பாடு கொண்டாந்தாவ. எனக்கு ஒருத்தரு வரல. யாரு வருவா? உயிரோட இருக்கவனுக்கு யாரு துக்கம் கேப்பா? பதினொரு வருசமா நான் கக்கூஸ்ல தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டுத்தான் அழுதிருக்கேன்.”

“அவன் வந்துட்டான்னா?”

“வரட்டுமே. வந்தா அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுவோம். ஆயிரம் புஸ்தகத்துலயும் நானே கிழிக்கேன்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “எனக்கு முடியல அத்தான்.”

அத்தான் என்று அவள் கூப்பிட்டு எவ்வளவோ வருசம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டது. கோயில்பிள்ளை விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழுத வேண்டியதில்லை, அதுதான் இதில் கொடுமை, தன் கையால் ஒரு எழுத்துக்கூட அடிக்க வேண்டாம். செய்ததைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் அப்படி ஒரு வசதி கிடையாது, வெட்டினது வெட்டினதுதான், ஒரு மில்லிமீட்டர் கூடப் போய்விட்டால் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பையன்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். கண்ட்ரோலும் இசட்டும். இந்த இரண்டு விசையையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தது யார் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை, இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேல் கையை நீட்டி, அப்பா, தப்புப் பண்ணிட்டா பயப்படாதிய, இத அமுக்குங்க, பழையபடி வந்துரும். பழையபடி எது. பழையபடி என்பது அண்ணன் எழுதினதா, அதற்கு முன்னால் இருந்ததா, செப்டம்பர் எட்டாம் தேதியா. எத்தனை தடவை அமுக்கினால் அங்கே போகும். மணி பன்னிரண்டு நாற்பத்தேழு. அந்த முகத்தை இப்போது பார்க்கலாம் என்று தோன்றியது, இப்போது தைரியம் இருக்கிறது, யாராவது துணியைத் தூக்கினால் பார்ப்பேன், கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். யாரும் தூக்கவில்லை. பதினோரு வருசத்துக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் அதை எரித்திருப்பார்கள், அல்லது புதைத்திருப்பார்கள், ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். அமுக்கினார். ‘தெரியவில்லை’ ஒரே அடியில், உடையாமல், கொம்பும் புள்ளியும் தன் தன் இடத்தில் இருக்க, கட்டத்துக்குள் வந்து நின்றது. வயது போய்விட்டது. சிலுவை வந்துவிட்டது. முகவரிக் கட்டம் மூடிக்கொண்டது.

“என்ன வருது இப்பம்?” என்று கேட்டாள்.

“சிலுவ.”

“சரி” என்றாள். எழுந்து அவர் தோளில் ஒரு கணம் கை வைத்தாளா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு மூடுகிற சத்தம். ஃபைலைச் சேமித்து, மெயிலில் ஏற்றி, அனுப்பினார். பன்னிரண்டு ஐம்பத்தாறு. இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

“வந்துட்டு அத்தான்! தெறந்து பாத்துட்டேன். எழுத்தெல்லாம் முத்து மாதிரி இருக்கு. எல்லாரும் இருக்காவளா?”

“இருக்காவ.”

“மொத்தம் எத்தன பேரு?”

“ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு.”

“முன்னுரையில போடணும், அதான் கேக்கேன். உயிரோட எத்தன?”

“அறுநூத்தித் தொண்ணூத்தொண்ணு.”

சாந்தசீலன் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஆசாப்பின் பக்கத்தை அவன் இன்னும் திறக்கவில்லை. தெருவில் ஒருவன் பழைய இரும்பு பிளாஸ்டிக் என்று கூவிக்கொண்டு போனான்.

புத்தகம் 2025 மே 17 அன்று குடும்ப சங்கமத்தில் வெளியானது. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்ததிலிருந்து மாலை ஆறு மணிக்குள், கோயில்பிள்ளை வீட்டுக்கு முப்பத்தொன்பது பேர் துக்கம் கேட்க வந்தார்கள்.